சேலம் ஜங்ஷன் ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது?

ஜப்பானுக்கு முன்பே சேலத்துக்கு ரெயில் வந்த கதை

தம்மம்பட்டியில் ரெயில் நிலையம் கிடையாது. ஒரு பக்கம் கொல்லிமலை, மறு பக்கம் பச்சைமலை. நடுவே சுவேத நதி. மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்ற இந்த ஊர்க்காரர்கள் ரெயில் ஏற வேண்டும் என்றால், முதலில் பஸ் ஏற வேண்டும்.

சரி, சுமார் எழுபது கிலோ மீட்டர் பயணம் செய்து சேலத்துக்கு வந்தாகிவிட்டது. ரெயில் நிலையம் எங்கே? பஸ் நிலையத்தின் பக்கத்தில் இல்லை. கோட்டைப் பக்கமும் இல்லை. கடை வீதியிலும் இல்லை. கையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கூடவே வயதான தாயார். இத்தனையோடு இன்னொரு டவுன் பஸ் அல்லது ஆட்டோ பிடித்து சூரமங்கலத்துக்குப் போக வேண்டும்.

"பெயர் சேலம் ஜங்ஷன். ஆனால் அது சேலத்தில் இல்லையே! யார் இப்படிக் கட்டினார்கள்?" என்று அலுத்துக்கொள்ளாத பயணி உண்டா?

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்கு வயது நூற்று அறுபதுக்கு மேல்! பதில் தெரிந்துகொண்டால், எந்த ஊர் ரெயில் நிலையத்தையும் பார்த்த உடனே புரிந்துகொள்ளலாம்.

கடலுக்குக் கடல்

இந்தியாவில் பயணிகளுக்கான முதல் ரெயில் 1853-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே ஓடியது. தென்னாட்டின் முதல் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்தில் இருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை போனது. ராயபுரத்தின் அந்தப் பழைய கட்டிடம் இன்றும் நிற்கிறது.

இந்தப் பாதையை அமைத்தது 'மெட்ராஸ் ரெயில்வே' என்ற கம்பெனி. அவர்கள் கண் சேலத்தின் மீது இல்லை. கிழக்குக் கடற்கரையில் இருக்கும் சென்னையையும், மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேப்பூர் துறைமுகத்தையும் இணைக்க வேண்டும். ஒரு கடலில் இருந்து இன்னொரு கடலுக்குப் பாதை! அதுதான் திட்டம்.

அந்தப் பாதை 1861-ம் ஆண்டு திருப்பத்தூரில் இருந்து சேலத்தை எட்டியது. அதே ஆண்டு சங்ககிரிக்கும், 1862-ம் ஆண்டு கோவைக்கு அருகே உள்ள போத்தனூருக்கும் நீண்டது.

ஒரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இன்று ரெயில் என்றாலே உலகம் ஜப்பானைப் பார்க்கிறது. மணிக்கு முன்னூறு கிலோ மீட்டர் வேகத்தில் அங்கே ரெயில்கள் பறக்கின்றன. அந்த ஜப்பானில் முதல் ரெயில் ஓடியது 1872-ம் ஆண்டில்தான். டோக்கியோவின் சிம்பாஷியில் இருந்து யோகோகாமாவுக்குப் போன ரெயில் அது. சேலத்துக்கு அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே ரெயில் வந்துவிட்டது!

மலை குறுக்கே நின்றது

வடக்கே இருந்து வரும் ரெயில் பாதைக்குக் குறுக்கே சேர்வராயன் மலை நிற்கிறது. ஏற்காடு இருக்கும் மலைதான் அது. மலையைக் குடைந்து நேராக வருவது அந்தக் காலத்தில் லேசான வேலை அல்ல. ஆகவே பாதை மலைக்கு மேற்கே ஒதுங்கி, பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியாக இறங்கி வருகிறது. அங்கிருந்து நேராகத் தென்மேற்கே சங்ககிரியை நோக்கித் திரும்புகிறது.

சேலம் நகரமோ மலைக்குத் தெற்கே, திருமணிமுத்தாற்றின் கரையில் இருக்கிறது. கோட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை என்று பழைய ஊர் முழுவதும் அந்தப் பக்கம்தான். வரைபடத்தை எடுத்து வைத்து விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கடலுக்குப் போகும் பாதை ஊருக்கு மேற்கே, சூரமங்கலம் வழியாகத்தான் போகும். ஊருக்குள் வர வேண்டும் என்றால் அது சுற்றி வளைந்து வர வேண்டும். வளைவு கூடினால் மைல் கூடும். மைல் கூடினால் செலவு கூடும்.

சூரமங்கலம் அப்போது ஒரு கிராமம். அங்கே நிலையத்தைக் கட்டி 'சேலம்' என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கும் நிலையத்துக்கும் நடுவே சுமார் ஐந்து கிலோ மீட்டர் தூரம். வண்டி மாடு பூட்டியவர்களுக்குப் பிழைப்பு கிடைத்தது!

தாது வருஷம் கற்பித்த பாடம்

நிலையம் பக்கத்தில் இருந்தால் என்ன, தூரத்தில் இருந்தால் என்ன? கொஞ்சம் கால் வலி, கொஞ்சம் காசு. அவ்வளவுதானே? இல்லை. ஒரு காலத்தில் அது உயிர் பிழைக்கும் விஷயமாக இருந்தது.

1876-ம் ஆண்டு மழை பொய்த்தது. நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லி நடுங்கிய பஞ்சம் அது. 1878 வரை நீடித்தது. மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று.

கப்பலில் சென்னைக்கு வந்த தானியம் ரெயிலில் உள்நாட்டுக்கு வந்தது. நிலையம் வரை மூட்டைகள் வந்து சேர்ந்தன. அதற்கு அப்பால்? மாட்டு வண்டிதான். மாடுகளோ தீவனமும் தண்ணீரும் இல்லாமல் செத்துக்கொண்டு இருந்தன. ரெயில் பாதையை ஒட்டிய ஊருக்கும், மலையடிவாரத்து ஊருக்கும் இருந்த வித்தியாசத்தை அன்று பசித்த வயிறு அறிந்தது.

இந்தப் பாடத்துக்குப் பிறகு, பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு போவதற்கென்றே சில சிறிய ரெயில் பாதைகளைப் போட்டார்கள். அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த திருப்பத்தூரில் இருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ம் ஆண்டு ஒன்று. மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு 1906-ம் ஆண்டு மற்றொன்று. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டரை அடி இடைவெளிதான். பொம்மை ரெயில் போல இருக்கும்!

பிற்காலத்தில் இந்தப் பாதைகள் மூடப்பட்டன. தர்மபுரிக்குப் பிறகு வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்று வரை ரெயில் திரும்பி வரவில்லை. ஒரு ஊருக்கு ரெயில் வருவது மட்டும் அல்ல, போய்விடுவதும் உண்டு.

ஐந்து விரல்

இப்போது சேலம் ஜங்ஷனின் அமைப்பைப் பார்ப்போம். உங்கள் கையை விரித்து மேசை மீது வையுங்கள். உள்ளங்கைதான் சேலம் ஜங்ஷன். ஐந்து விரல்கள் ஐந்து திசைக்குப் போகும் பாதைகள்.

முதல் விரல் வடக்கே. ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னை சென்ட்ரலுக்குப் போகிறது. தூரம் 334 கிலோ மீட்டர். இதுதான் 1861-ல் வந்த மூத்த பாதை.

இரண்டாவது விரல் தென்மேற்கே. சங்ககிரி, ஈரோடு, கோவை, அப்படியே கேரளம். இதுவும் அந்த மூத்த பாதையின் தொடர்ச்சிதான்.

மூன்றாவது விரல் வடமேற்கே, ஓமலூருக்கு. அங்கிருந்து ஒரு கிளை மேட்டூர் அணைக்குப் போகிறது. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை வேலைக்காகப் போட்ட பாதை அது. இன்று மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி போகிறது. இன்னொரு கிளை தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. இது 1960-களில் போட்டு, 1990-களில் அகலப் பாதையாக மாற்றியது.

நான்காவது விரல் கிழக்கே. ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலத்துக்கு, சுமார் 140 கிலோ மீட்டர். 1931 வாக்கில் வந்த பாதை. தம்மம்பட்டிக்காரர்களின் சொந்தப் பாதை என்றே இதைச் சொல்லலாம்.

ஐந்தாவது விரல் தெற்கே. ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்கு, சுமார் 85 கிலோ மீட்டர். இதுதான் கடைக்குட்டி. 1990-களில் திட்டம் போட்டார்கள். ரெயில் ஓடியது 2013-ம் ஆண்டில்! லாரிக்கும் முட்டைக்கும் பெயர் பெற்ற நாமக்கல், சேலத்துக்கு ரெயில் வந்து நூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்தே ரெயிலைப் பார்த்தது.

ஒரு விரலைக் கடல் வாணிபம் கொண்டு வந்தது. ஒரு விரலை அணை கொண்டு வந்தது. ஐந்தும் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. அதனால்தான் ஜங்ஷனில் ஒன்றுக்கு அப்பால் ஒன்றாகப் பிளாட்பாரங்கள் சேர்ந்தன. ஒன்றில் இருந்து ஒன்றுக்குப் போக மேலே நடைபாலம் ஏறி இறங்குகிறோம்.

ஒரே நிலையத்தில் இரண்டு அகலம்

இன்னொரு வேடிக்கையும் இங்கே நடந்தது. சென்னை-கோவை பாதை அகலப் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஐந்தரை அடி. ஆத்தூர் பாதையோ மீட்டர் பாதை. நடுவே ஒரே ஒரு மீட்டர்தான். இந்தப் பாதையில் ஓடும் பெட்டி அந்தப் பாதையில் ஓடாது.

சென்னையில் இருந்து அகலப் பாதையில் ஆத்தூருக்கு ஒரு மூட்டை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் அதை ஒரு வண்டியில் இருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். இரட்டை வேலை, இரட்டைக் கூலி, நடுவே ஒரு நாள் காத்திருப்பு!

2007-ம் ஆண்டு ஆத்தூர் பாதை அகலப் பாதையாக மாறியது. அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, பாலக்காடு கோட்டத்தில் இருந்து பிரிந்து, சேலம் தனி ரெயில்வே கோட்டம் ஆயிற்று.

பெயரைப் படித்தாலே போதும்

ரெயில் நிலையத்தின் பெயர்ப் பலகையை நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? அந்த மஞ்சள் பலகை பல சேதிகளைச் சொல்லும்.

'ஜங்ஷன்' என்றால், அங்கிருந்து குறைந்தது மூன்று திசைக்குப் பாதை பிரிகிறது என்று அர்த்தம்.

'டவுன்' என்றால், பெரிய நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, இது ஊருக்கு உள்ளே இருக்கிறது என்று பொருள். சேலம் டவுன் அப்படிப்பட்டது. ஜங்ஷனில் இருந்து ஆத்தூர் பக்கம் போகும் ரெயில், முதலில் சேலம் மார்க்கெட், பிறகு சேலம் டவுன் ஆகிய நிலையங்களைத் தாண்டித்தான் போகிறது. ஊருக்கு வராத ரெயில், ஆத்தூர் பாதையின் தயவால் ஊருக்குள் வந்தது!

'ரோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். "இது அந்த ஊர் அல்ல, அந்த ஊருக்குப் போகும் சாலை இங்கே இருக்கிறது" என்று அதற்கு அர்த்தம். வாலாஜா ரோடு அப்படி வந்த பெயர். நம் ஆத்தூர் பாதையிலும் ஏத்தாப்பூர் ரோடு இருக்கிறது. பெயரைப் படிக்காமல், ஊர் வந்துவிட்டது என்று இறங்கினால் நடக்க வேண்டியதுதான்!

சேலத்துக்குப் பக்கத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு நிலையம். அது சாமி பெயரும் அல்ல, ராஜா பெயரும் அல்ல. அங்கே வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லின் பெயர். இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவர் வெப்பம் தாங்குவதற்கு இந்தக் கல் பயன்படுகிறது.

பலகையின் அடியில் ஓர் எண் இருக்கும். கடல் மட்டத்தில் இருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்பதைக் காட்டும் எண் அது. சென்னைக் கடற்கரைப் பக்கம் அந்த எண் மிகச் சிறியது. சேலத்தில் இருநூறைத் தாண்டும். குழந்தைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பூகோளப் பாடம் தானாக வரும்.

ஒசாகாவில் நடந்தது

ஊருக்கு வெளியே நிலையம் கட்டியது நம் நாட்டில் மட்டும்தானா? ஜப்பானிலும் அப்படித்தான்!

ஒசாகா ஜப்பானின் பெரிய வியாபார நகரம். அங்கே 1874-ம் ஆண்டு கோபே துறைமுகத்தில் இருந்து ரெயில் வந்தது. நிலையத்தை எங்கே கட்டினார்கள் தெரியுமா? ஊருக்கு வடக்கே, உமேடா என்ற இடத்தில். அங்கே அப்போது இருந்தது வயல்வெளி. சேற்று நிலத்தை மண் கொட்டி மூடி வயலாக்கியதால்தான் அந்தப் பெயரே வந்தது என்று சொல்வார்கள்.

இன்று உமேடாவில் வயலைத் தேடினால் கிடைக்காது. வானத்தைத் தொடும் கட்டிடங்கள், பெரிய பெரிய கடைகள், பூமிக்கு அடியில் ஓடும் ரெயில்கள். ஒசாகாவின் இதயமே அதுதான். நிலையத்தில் ரெயில்கள் மாடியில் ஓடுகின்றன. கீழே மக்கள் நடக்கிறார்கள். நிலையம் ஓர் அங்குலம்கூட ஊரை நோக்கி நகரவில்லை. ஊர்தான் நிலையத்தைத் தேடி வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1964-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே புல்லட் ரெயில் ஓடத் தொடங்கியது. வேகமாக ஓடும் ரெயிலுக்கு வளைவு ஆகாது. ஆகவே அதற்கு மறுபடியும் ஊருக்கு வெளியே, சுமார் நான்கு கிலோ மீட்டர் தள்ளி, இன்னொரு நிலையம் கட்டினார்கள். அதற்குப் பெயர் 'சின் ஒசாகா'. 'சின்' என்றால் புதிய என்று பொருள். அதாவது 'புது ஒசாகா'!

நம் சூரமங்கலத்தைப் போல அதுவும் தூரம்தான். ஆனால் அங்கே பயணிகள் அலுத்துக்கொள்வது இல்லை. ஏன்? புதிய நிலையத்தில் இறங்கினால், பழைய நிலையத்துக்குப் போகச் சில நிமிஷங்களுக்கு ஒரு ரெயில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் சில நிமிஷங்களில் இறங்கிவிடலாம்.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். நிலையம் தூரத்தில் இருப்பது குறை அல்ல. நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே அடிக்கடி வண்டி இல்லாததுதான் குறை. சேலம் ஜங்ஷனில் இருந்து சேலம் டவுனுக்குத் தண்டவாளம் இருக்கிறது. அதில் ஓடும் பயணி ரெயில்கள்தான் குறைவு. அதனால்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிடம் பேரம் பேச வேண்டி இருக்கிறது.

சேலமும் வந்து சேர்ந்தது

ஒசாகாவைப் போலவே சேலமும் தன் நிலையத்தைத் தேடி நடந்தது. ரெயில் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1866-ல், சேலம் நகராட்சி ஆயிற்று. 1994-ல் மாநகராட்சி ஆயிற்று. இன்று அந்த மாநகராட்சிக்கு நான்கு மண்டலங்கள்: அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, நான்காவதாக சூரமங்கலம். அன்று ஊருக்கு வெளியே கிடந்த கிராமம், இன்று ஊரின் கால் பங்கு!

ஆகவே, "சேலம் ஜங்ஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது" என்று சொல்வதுகூட இப்போது சரி அல்ல. பழைய ஊருக்கு வெளியே இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

டிக்கெட் எடுக்கும் முன்

தம்மம்பட்டி, கெங்கவல்லிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கதையால் ஒரு பலன் உண்டு. எந்த நிலையத்துக்குப் போவது என்று யோசித்துப் போகலாம்.

சென்னைக்குப் போக வேண்டுமா? சேலம் வரை போக வேண்டிய அவசியம் இல்லை. முப்பது கிலோ மீட்டருக்குள் ஆத்தூர் நிலையம் இருக்கிறது. சேலத்தில் இருந்து விருத்தாசலம், விழுப்புரம் வழியாகச் சென்னை எழும்பூருக்குப் போகும் இரவு ரெயில் அங்கே நின்று போகிறது. நோயாளியை அழைத்துப் போகிறவர்களுக்கும், கனமான சாமான் உள்ளவர்களுக்கும் இது பெரிய ஆறுதல்.

கோவை, கேரளம் பக்கம் என்றால் சேலம் ஜங்ஷன்தான் வசதி. கரூர், திண்டுக்கல் பக்கம் போகிறவர்கள் நாமக்கல் நிலையத்தையும் நினைவில் வைக்கலாம்.

டிக்கெட்டில் இரண்டு பெயர்களைக் கட்டாயம் படியுங்கள். ஏறும் இடம் 'சேலம் ஜங்ஷனா', 'சேலம் டவுனா'? இறங்கும் இடம் 'சென்னை சென்ட்ரலா', 'சென்னை எழும்பூரா'? ஏற்காடு எக்ஸ்பிரசில் போனால் சென்ட்ரலில் இறங்குவீர்கள். ஆத்தூர் வழியாகப் போகும் இரவு ரெயிலில் போனால் எழும்பூரில் இறங்குவீர்கள். அழைத்துப் போக வரும் உறவினரிடம் சரியான நிலையத்தைச் சொல்லாவிட்டால், அவர் ஒரு நிலையத்திலும் நீங்கள் ஒரு நிலையத்திலும் நிற்க வேண்டியதுதான்!

பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கும் மஞ்சள் பலகை எல்லோருக்கும் பொது. புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் அதைப் படித்துவிடலாம். அடுத்த முறை ரெயில் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். ஜங்ஷனா, டவுனா, ரோடா என்று படியுங்கள். பிறகு இறங்குங்கள்.